பெயர் எழுதாத மொய்

அப்பாவின் இடது கண்ணை வெயிலில் நிறுத்தி உற்றுப் பார்த்தால் ஒரு வட்டக் கோடு தெரியும். சாம்பல் நிறம், நூல் கனம்கூட இருக்காது. கறுப்பு விழியின் மேல் யாரோ பொம்மை வளையல் ஒன்றைக் கழற்றி வைத்தது போல இருக்கும். அந்த வட்டத்துக்கு வெளியே இருப்பது அப்பாவுடையது. உள்ளே இருப்பது வேறொருவருடையது. 2012 அக்டோபரில் வைத்தது. யாருடையது என்று அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது.

எங்கள் ஊர் மேலூர்ப் பக்கம். பெரியாற்றுத் தண்ணீர் வந்தால் நெல், வராவிட்டால் வானம் பார்ப்பது. அந்த வருடம் தண்ணீர் வந்திருந்தது. தை மாதம் அறுவடை. ஊரில் எல்லா வயலிலும் மெஷின் இறங்கிவிட்டது. எங்களுடையது பள்ளத்து வயல், ஈரம் காயவில்லை, மெஷின் உள்ளே வந்தால் புதைந்துவிடும் என்று டிரைவர் திரும்பிப் போய்விட்டார். சரி என்று ஆள் வைத்து அறுத்து, களத்தில் கட்டடித்தார்கள். அப்பாவும் நின்று அடித்தார். தெறித்த நெல் ஒன்று இடது கண்ணில் பட்டது.

நெல் கண்ணில் படுவதெல்லாம் எங்கள் ஊரில் ஒரு சேதியே இல்லை. துண்டு முனையைச் சுருட்டி வாயில் வைத்து ஊதி, அந்தச் சூட்டோடு கண்ணில் ஒற்றிக்கொண்டு அடுத்த கட்டைத் தூக்குவார்கள். அப்பாவும் அதைத்தான் செய்தார். ராத்திரி கண் சிவந்தது. பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றிருந்த அக்காவிடம் சங்கில் தாய்ப்பால் வாங்கி அம்மா ஊற்றினார். மறுநாள் விளக்கெண்ணெய். மூன்றாம் நாள் ஒரு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி வந்தார்கள். அதைப் போட்டதும் சிவப்பு குறைந்தது, வலியும் குறைந்தது. அப்பா அந்தக் கடைக்காரரை நாலு பேரிடம் பாராட்டினார். ஒரு வாரத்தில் கண்ணில் வெள்ளையாக ஒரு புள்ளி விழுந்து, அது மிளகு அளவு ஆனது. அந்தச் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. கண்ணுக்குள் இறங்கியிருந்தது பூஞ்சைக் காளான். ஸ்டீராய்டு வலியை அமுக்கிவிட்டுக் காளானுக்குப் பாய் விரித்துக் கொடுத்திருக்கிறது.

மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் புண்ணைச் சுரண்டி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்கள். நூல் நூலாக ஓடியிருக்கிறது என்றார் டாக்டர். மண்ணிலும் வைக்கோலிலும் இருக்கிற காளான்தான். நெல்லின் சுணை கண்ணில் கீறுகிறபோது கூடவே உள்ளே போய்விடுமாம். வயல்காட்டு ஊர்களில் இது எவ்வளவு சகஜம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 1993இல் மதுரை மாவட்டத்தில் லட்சம் பேருக்கு 113 பேருக்குக் கருவிழியில் புண் வந்திருக்கிறது, அந்த ஒரே வருடத்தில். அப்பாவைப் போல எத்தனை பேர் துண்டில் ஊதி ஒற்றிக்கொண்டு வேலையைப் பார்த்திருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளலாம்.

நேட்டமைசின் என்று சுண்ணாம்புத் தண்ணீர் போல ஒரு மருந்து. மணிக்கு ஒரு சொட்டு. ராத்திரியும் விடக் கூடாது. அம்மா செல்போனில் அலாரம் வைக்கக் கற்றுக்கொண்டது அப்போதுதான். புண் ஆறியது, காளான் செத்தது, கண்ணும் மிஞ்சியது. ஆனால் பூ விழுந்துவிட்டது. கருவிழியில் வெள்ளைத் தழும்பு படர்வதை நம் ஊரில் இப்படித்தான் சொல்கிறோம். இவ்வளவு அழகான சொல்லை இதற்கு யார் வைத்தார்களோ. எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சலாக வரும்.

ஒரு கண்தானே என்று விட்டுவிட முடியாது. வலது கண் பத்து வயதில் கிட்டிப்புள் பட்டுப் போனது. அதில் வெளிச்சம், நிழல் மட்டும் தெரியும். ஆக, அறுபத்தோரு வயதில் அப்பாவுக்கு மொத்தமாக இருட்டிக்கொண்டு வந்தது. அவர் முதலில் நிறுத்தியது வயலுக்குப் போவதை இல்லை, டீக்கடைக்குப் போவதை. வரப்பு அவர் காலுக்குத் தெரியும். டீக்கடையில் யாராவது "என்ன மாமா" என்றால், "யாரப்பா அது" என்று திருப்பிக் கேட்க வேண்டியிருந்தது. அது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

கருவிழி மாற்றினால் பார்வை வரும் என்றார்கள். பெயரைப் பதிவு செய்துகொண்டு, "கண் வந்தா கூப்பிடுவோம்" என்று அனுப்பிவிட்டார்கள். கண் வந்தா. பஸ் வந்தா, கரண்டு வந்தா என்பது மாதிரி. நான் அப்போது திருச்சியில் வேலையில் இருந்தேன். ஆஸ்பத்திரியில் என் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். தெரியாத நம்பரிலிருந்து போன் வரும்போதெல்லாம் நெஞ்சு அடித்துக்கொள்ளும். கடன் வேண்டுமா என்று கேட்கிற போனாக இருக்கும். ஒரு மாதம் போன பிறகுதான் நான் எதற்காகக் காத்திருக்கிறேன் என்பது உறைத்தது. எங்கோ ஒருவர் சாக வேண்டும். கோயிலில் நின்று "சீக்கிரம் கண் கிடைக்கணும்" என்று வேண்டிக்கொண்டவள், அதற்கு என்ன அர்த்தம் என்று புரிந்து பாதியில் நிறுத்தினேன். அதன் பிறகு என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் சும்மா கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போன் வந்தது. "நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு அய்யாவைக் கூட்டிட்டு வந்துர முடியுமா?"

ஆபரேஷனைப் பற்றி நான் பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. கண்ணையே எடுத்து மாற்றுவார்கள் என்றுதான் எங்கள் ஊரில் பாதிப் பேர் இன்னும் நினைக்கிறார்கள். மாற்றுவது முன்னால் இருக்கிற படலத்தை மட்டும்தான். கருவிழி என்று பேரே தவிர அது கறுப்பும் இல்லை. கைக்கடிகாரத்தின் கண்ணாடி மாதிரி நிறமே இல்லாதது, அரை மில்லிமீட்டர் கனம். கறுப்பாகத் தெரிவதெல்லாம் அதற்குப் பின்னால் இருப்பது. டம்ளரைக் கவிழ்த்து அழுத்திப் பூரி வெட்டுவோமே, அது போலத் தழும்பு விழுந்த இடத்தை வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு, வந்த கருவிழியிலும் அதே போல ஒரு வட்டம் வெட்டி அங்கே வைத்துத் தைக்கிறார்கள். அப்பாவுக்குப் பதினாறு தையல். தலைமுடியைவிட மெல்லிய நைலான் இழை. கருவிழியில் ரத்தக் குழாயே கிடையாது, தனக்கு வேண்டிய ஆக்சிஜனைக் காற்றிலிருந்து நேராக எடுத்துக்கொள்கிறது. அதனால் உடம்பு அதை அன்னியம் என்று சட்டென்று கண்டுபிடித்துத் தள்ளுவதில்லை. சிறுநீரகத்துக்குப் பார்ப்பது போல ரத்த வகைப் பொருத்தமெல்லாம் பெரும்பாலும் பார்ப்பதில்லை. யார் கண்ணும் யாருக்கும்.

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். சினிமாவில் வருகிற மாதிரி எதுவும் நடக்கவில்லை. "புகையா இருக்கு" என்றார் அப்பா. டாக்டர் விரலைக் காட்டி எத்தனை என்றார். மூணு என்றார் அப்பா. ரெண்டுதான் காட்டினார். பார்வை மெல்ல மெல்லத்தான் வந்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர், தட்டிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி அம்மாவிடம் நீட்டினார். "அரிசியைப் பாத்துக் களையக் கூடாதா?" அம்மா கோபமாக எதையோ சொல்ல ஆரம்பித்து, முடிக்காமல் அடுப்படிக்குப் போய்விட்டார்.

டிஸ்சார்ஜ் அன்று பில் கட்டும் இடத்தில் அப்பா கேட்டது: "இதுல கண்ணுக்கு எவ்வளவு?"

கவுன்டரில் இருந்த பெண், "கண்ணுக்குக் காசு வாங்குறது இல்லைங்கய்யா. ஆபரேஷன், மருந்து, ரூம் வாடகை. அவ்வளவுதான்" என்றார். 1994ஆம் வருடச் சட்டப்படி மனித உறுப்பை விற்கவோ வாங்கவோ முடியாது. கண் வங்கியும் தானமாக வாங்குவதுதான். இதையெல்லாம் நான் விளக்கினேன். அப்பா முகம் தெளியவில்லை. "அப்ப சும்மா வாங்கிட்டு வந்திருக்கோம்" என்றார்.

மதுரைப் பக்கத்துக்காரர்களுக்கு இந்த வேதனை புரியும். எங்கள் ஊரில் ஒரு குடும்பத்தின் மானம் மொய் நோட்டில் இருக்கிறது. காதுகுத்து, கல்யாணம், சடங்கு, வீடு குடிபுகுதல் எல்லாவற்றுக்கும் யார் எவ்வளவு செய்தார்கள் என்று நோட்டுப் போட்டு எழுதி, அவர்கள் வீட்டு விசேஷத்தில் கூடக் கொஞ்சம் வைத்துத் திரும்பச் செய்ய வேண்டும். செய்முறை என்போம். அப்பாவிடம் 1978இல் அவர் கல்யாணத்துக்கு எழுதிய நோட்டு இருக்கிறது. ஐந்து ரூபாய், இரண்டு ரூபாய், ஒரு படி அரிசி என்று. எல்லாவற்றையும் திரும்பச் செய்து, செய்ததற்கு அடையாளமாகக் கோடு இழுத்திருப்பார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சில மாதம் கழித்து எதையோ தேடப்போய் அந்த நோட்டுகளில் கடைசியானதைப் பிரித்தேன். அப்பாவின் கோணல் எழுத்தில் ஆபரேஷன் தேதி. அதற்கு நேரே "கண் 1" என்று எழுதியிருந்தார். பெயர், ஊர் எழுதுகிற கட்டங்கள் காலி.

அதைப் பார்த்த பிறகுதான் நான் தேட ஆரம்பித்தேன். ஆஸ்பத்திரியில் நோயாளி வீட்டாருக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் ஒருவரிடம் போய், யாருடையது என்று தெரிந்துகொள்ள முடியுமா என்று கேட்டேன். "சொல்லக் கூடாதும்மா. உங்களையும் அவங்களுக்குச் சொல்ல மாட்டோம்" என்றார். ஏன் என்று கொஞ்சம் சூடாகவே கேட்டேன். நன்றி சொல்லத்தானே கேட்கிறோம், கெட்டதா செய்யப் போகிறோம்? அவர் என்னை உட்கார வைத்துச் சொன்னார். கண் வாங்கிய சில பேர், கொடுத்த குடும்பத்தை ஆயுசுக்கும் தாங்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வார்கள். சில குடும்பங்கள் வாங்கியவரைத் தேடிப் போய்க்கொண்டே இருக்கும். "அதெல்லாம் விடுங்க. ஒருவேளை உங்க அப்பாவுக்கு இது ஒட்டாமப் போயிருச்சுன்னா? அவங்களுக்கு அது ரெண்டாவது சாவும்மா."

எனக்கு அப்போது வாயடைத்துப் போனது. ஆனால் புத்தி அடங்கவில்லை. பேச்சுவாக்கில் அவரே ஒரு துப்புக் கொடுத்திருந்தார். அவர்கள் வைத்திருந்த திரவத்தில் கருவிழி நாலு நாள்தான் தாங்கும், அதற்குள் வைத்துவிட வேண்டும். அப்படியென்றால் இறந்தது ஆபரேஷனுக்கு முந்தைய நாலு நாளுக்குள். திருச்சிக்குத் திரும்பும்போதெல்லாம் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டைச் சுற்றிச் சுவர்களில் இருந்த கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர்களைப் பார்க்க ஆரம்பித்தேன். மழையில் பாதி கிழிந்தவை, மேலே சினிமாப் போஸ்டர் ஒட்டியவை. போட்டோவுக்குக் கீழே "தோற்றம்", "மறைவு" என்று இரண்டு தேதிகள் இருக்கும் அல்லவா, அந்த இரண்டாவது தேதியைத் தேடினேன். நூலகத்தில் பழைய செய்தித்தாள்களைப் புரட்டினேன். "அன்னாரது கண்கள் தானமாக வழங்கப்பட்டன" என்று எங்காவது ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்தேன். கடைசியில் மூன்று பேர் தேறினார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். ஒரு பாட்டி. பைக் விபத்தில் போன ஒரு பையன்.

அந்தப் பையனின் தெருவரை போனேன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தெருமுனையில் ஒரு டீக்கடை. அங்கேயே நின்று டீ குடித்தேன். வீட்டு வாசலில் ஒரு அம்மா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஒரு ஆண்பிள்ளைச் சட்டையை உதறி, கையை நேராக்கி, கிளிப் போட்டார். போய்க் கேட்க என்னிடம் ஒரு வாக்கியம்கூட இல்லை. உங்கள் மகன் கண்ணைக் கொடுத்தீர்களா? கொடுக்கவில்லை என்றால்? கொடுத்தோம் என்றால்? டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். தேடுவதையும் அதோடு விட்டேன்.

ஊரில் எல்லோருக்கும் ஒரு யூகம் இருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "ராத்திரியில அந்த ஆளோட கனா வருதா கொழுந்தனாரே?" என்று கேட்டார். அப்பாவின் கட்சி, கொடுத்தவர் வாத்தியார் என்பது. ஆபரேஷனுக்கு அப்புறம்தான் அவர் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை வாசிக்க ஆரம்பித்தார், அது காரணம். (கண்ணாடி புதிதாகப் போட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம்.) அம்மாவின் கட்சி, அது பொம்பளைக் கண். இல்லாவிட்டால் சோற்றில் கல் தெரியுமா?

தேடலை விட்ட பிறகு வாசிக்க ஆரம்பித்தேன். இந்த வைத்தியம் முதன்முதலில் பலித்தது 1905 டிசம்பரில், இன்றைக்குச் செக் நாட்டில் இருக்கிற ஓலோமூட்ஸ் ஊரில். எட்வர்ட் சிர்ம் என்ற டாக்டர். நோயாளி அலோய்ஸ் குளோகர், பண்ணைக் கூலி. சுண்ணாம்பு பட்டு இரண்டு கண்ணும் வெந்துபோனவர். அப்பாவிடம் இதை வாசித்துக் காட்டியபோது, "அங்கயும் காட்டுவேலை பாக்கிறவனுக்குத்தான் போகுது" என்றார். அந்தக் கருவிழி, அடிபட்டு எடுக்க வேண்டியதாகிப்போன ஒரு பதினோரு வயதுச் சிறுவனின் கண்ணிலிருந்து வந்தது. நம் பக்கம் வந்தால், 1819இல் தொடங்கிய எழும்பூர் கண் மருத்துவமனையில்தான் 1945இல் இந்தியாவின் முதல் கண் வங்கி வந்தது. டாக்டர் ஆர்.இ.எஸ். முத்தையா 1948இல் அங்கே கருவிழி மாற்றியதுதான் இந்த நாட்டில் முதலாவது. இலங்கையில் ஹட்சன் சில்வா என்ற டாக்டர், மாணவராக இருந்தபோதே 1958இல் பேப்பரில் எழுதிக் கண்தானம் கேட்டார். 1961இல் அதற்கென்று ஒரு சங்கம் வைத்தார். 1964இல் சிங்கப்பூருக்குக் கண் அனுப்பினார்கள். இன்றுவரை எத்தனையோ நாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. கொழும்புக்காரர் கண்ணோடு கராச்சியில் ஒருவர் பஸ் நம்பர் பார்த்து ஏறிக்கொண்டிருப்பார், இரண்டு பேருக்கும் தெரியாமல்.

கண்ணைக் கொடுத்தவர் என்றால் நமக்குக் கண்ணப்பர்தான். அவருடைய சொந்தப் பெயர் திண்ணன். காளத்தியில் சிவனுக்கு ஒரு கண்ணை அப்பி, அடுத்ததையும் பிடுங்கப் போனபோது "நில்லு கண்ணப்ப" என்று சாமி கையைப் பிடித்துத் தடுத்தது. கண்ணைக் கொடுத்ததால் அவருக்குப் பெயரே மாறிப்போனது. எங்களுக்குக் கொடுத்தவர் விஷயம் தலைகீழ். கொடுத்ததால் பெயர் இல்லாமல் போய்விட்டார். இதை நினைத்து நான் ரொம்ப நாள் வருத்தப்பட்டிருக்கிறேன்.

2019 ஜூன் மாதம் அத்தை இறந்தார். அப்பாவின் கூடப் பிறந்த அக்கா. விடியற்காலை நாலரை மணி. நான் லீவில் ஊரில்தான் இருந்தேன். பக்கத்து ஊர், பைக்கில் பத்து நிமிடம். நாங்கள் போனபோது வாசலில் நாலு பேர், உள்ளே பெண்கள். ஒப்பாரி தொடங்கியிருந்தது. அப்பா நேராக அத்தையின் தலைமாட்டுக்குப் போனார். குனிந்து இமைகளை மூடிவிட்டார். அப்புறம் நிமிர்ந்து, "ஃபேனை நிப்பாட்டுங்க" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. ஜூன் மாதப் புழுக்கம், சின்ன அறைக்குள் இருபது பேர். "செத்தவளுக்கு வேணாம்னா உக்காந்திருக்கிற எங்களுக்கு வேணாமா?" என்றார் ஒரு கிழவி. எனக்குப் புரிந்தது. ஆஸ்பத்திரியில் வருடக்கணக்கில் வெளிநோயாளியாக உட்கார்ந்து கண்தான அறிவிப்பைப் பார்த்துப் பார்த்து அவருக்கும் எனக்கும் மனப்பாடம். ஃபேனை நிறுத்த வேண்டும், காற்றில் கண் காய்ந்துவிடும். இமை மேல் ஈரப் பஞ்சு வைக்க வேண்டும். தலைக்குக் கீழே தலையணை வைத்து உயர்த்த வேண்டும். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். நான் சுவிட்சை அணைத்தேன்.

அத்தை மகன் மூலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அப்பா என்னைப் பார்த்தார். தானே கேட்க அவருக்கு வாய் வரவில்லை என்று தெரிந்தது. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "மச்சான், அத்தை கண்ணைக் குடுக்கலாமா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அம்மா செத்து ஒரு மணி நேரம் ஆகவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து குரல் வந்தது. கண்ணைத் தோண்டிவிடுவார்களாம். மூஞ்சி ஓட்டையாகப் போய்விடுமாம். அடுத்த பிறவியில் குருடாகப் பிறக்குமாம். சர்க்கரை வியாதிக்காரி, கண்ணில் புரை எடுத்தவள், அவள் கண் யாருக்கு ஆகும் என்று ஒருவர் கேட்டார். சர்க்கரை இருந்தாலும் புரை எடுத்திருந்தாலும் கருவிழி ஆகும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது யார் காதிலும் விழவில்லை. பெரியப்பா முறை ஒருவர், "எழவு வீட்டுல வந்து கேக்குற கேள்வியாடி இது?" என்று கத்திவிட்டு வெளியே போனார். எழவு வீட்டைத் தவிர வேறு எங்கே கேட்க முடியும் என்று அவரிடம் யார் சொல்வது?

மச்சான் ஒன்றும் பேசாமல் இருந்தார். ஐந்தரை, ஆறு. ஐஸ் பெட்டிக்குச் சொல்லியிருந்தார்கள். எட்டு மணிக்கு வரும். மேளத்துக்கு அட்வான்ஸ், வெளியூருக்குப் போன், சாமியானா, எல்லாவற்றுக்கும் அவரிடம்தான் வந்து கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் எழுந்து போய்ப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார். நான் இன்னொரு தடவை கேட்கவில்லை. ஆறேகாலுக்கு அவராக எழுந்து அப்பாவிடம் வந்தார். "மாமா, உங்க கண்ணைக் காட்டுங்க" என்றார். அப்பா கண்ணாடியைக் கழற்றினார். வாசலில் வெளிச்சம் வந்திருந்தது. மச்சான் அந்த வட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, "போன் நம்பர் இருக்கா?" என்றார். நான் போட்டுத் தரப் போனேன். "நான் பேசுறேன். எங்கம்மால்ல" என்று வாங்கிக்கொண்டார். செத்துப்போனது தன் தாய் என்று, அன்றைக்கு அவர் ஒரு அன்னியரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. ஆனால் விலாசத்தைத் தெளிவாகச் சொன்னார். பாலம் தாண்டி இடது பக்கம், மாவு மில்லுக்கு எதிர்த்தாப்பல.

எட்டுக்கு முன்னால் வண்டி வந்தது. ஒரு இளம் டாக்டர், ஒரு டெக்னீஷியன், கையில் ஒரு சின்னப் பெட்டி. படிவத்தில் மச்சான் கையெழுத்துப் போட்டார், அப்பாவும் இன்னொருவரும் சாட்சி. எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். பெண்கள் முற்றத்தில் நின்றார்கள். ஒப்பாரி நின்றுபோனது. இருபது நிமிடம் அந்த வீட்டில் சத்தமே இல்லை. எனக்கு மாட்டுத்தாவணிச் சுவர்கள் ஞாபகம் வந்தன. நான் போட்டோவையும் தேதியையுமே தேடியிருக்கிறேன். எங்கள் வீட்டுக்குக் கொடுத்தவர் அந்தப் போட்டோவில் இருந்திருக்கவே முடியாது. போட்டோவில் இருப்பவருக்கு ஃபேனை நிறுத்தத் தெரியுமா, போன் போடத் தெரியுமா? எல்லாப் போஸ்டரிலும் கடைசியில் பொடி எழுத்தில் "இவண்: குடும்பத்தினர்" என்று ஒரு வரி இருக்கும். யாரும் வாசிக்காத வரி. 2012 அக்டோபரில் ஏதோ ஒரு வீட்டில், எழவுக்கு நடுவில், கத்துகிற பெரியப்பாவைத் தாண்டி வந்து, மாவு மில்லுக்கு எதிர்த்தாப்பல என்று வழி சொன்ன ஆள் அந்த வரிக்குள்தான் இருந்தார். நான் ஒரு போஸ்டரில்கூட அவ்வளவு கீழே குனிந்து பார்க்கவில்லை.

கதவு திறந்ததும் கிழவிகள்தான் முதலில் உள்ளே போனார்கள். ஃபேனைப் போடச் சொன்ன அதே கிழவி கிட்டத்தில் போய் முகத்தைத் தடவிப் பார்த்தார். "தூங்குற மாதிரில்ல இருக்கா" என்றார். கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கும். அப்புறம் ஒப்பாரி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. கத்திவிட்டுப் போன பெரியப்பா மயானத்துக்கு வந்தார், ஆனால் என்னோடு ஒரு வருடம் பேசவில்லை.

சில வாரம் கழித்துக் கண் வங்கியிலிருந்து கடிதம் வந்தது. ஒரு கருவிழி ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. இன்னொன்று பொருத்தும் தரத்தில் இல்லாததால் டாக்டர்களின் பயிற்சிக்குப் பயன்பட்டது. எடுக்கிற எல்லாமே பொருத்த ஆவதில்லை, அது சகஜம்தான். மச்சானுக்கு அதில் கொஞ்சம் மனக்குறை. "எந்தப் பக்கத்துக் கண்ணுன்னு போடலையே" என்று கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அந்த தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அப்பாவின் மொய் நோட்டை எடுத்துப் பார்த்தேன். "கண் 1" அப்படியே இருந்தது, கோடு இழுக்கவில்லை. கேட்டேன். "அது எப்படி அடிக்க முடியும்? அக்கா கண்ணை நானா குடுத்தேன்? அவ மகன்ல குடுத்தான். என் பாக்கி என் பாக்கிதான்" என்றார்.

மச்சான் இப்போதும் எப்போதாவது போன் பண்ணுவார். போன மாதம் பேசும்போது சுற்றி வளைத்து அங்கேயே வந்தார். "உனக்குத்தான் அந்த ஆஸ்பத்திரியில பழக்கம் இருக்கே. அம்மா கண்ணு யாருக்கு வச்சாங்கன்னு லேசா கேட்டுச் சொல்லேன்."

"சொல்ல மாட்டாங்க மச்சான்."

"பேரு வேணாம். ஆணா பொண்ணா, அதாவது."

"அதுவும்தான்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அவர் வீட்டில் டிவி ஓடுகிற சத்தம் கேட்டது. "சரி விடு," என்றார். "ராத்திரி ஒன்பது மணி சீரியல் பாக்கிற ஆளா இருந்தாச் சரி. அம்மா ஒரு நாள் விடாது."